ஈர விறகு

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகிற பேருந்து கிருஷ்ணன்கோவிலில் நின்றதும் ஒரு கூட்டம் அவசரமாக இறங்கும். பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். மீதிப் பேர் சாலையைக் கடந்து, மேற்கே மலையைப் பார்த்துத் திரும்பும் வழியில் வத்திராயிருப்புப் பேருந்துக்காக நிற்பார்கள். அந்த வழியில் சுமார் பத்து கிலோமீட்டரில் வத்திராயிருப்பு, அதை அடுத்து அர்ச்சுனாபுரம். அங்கே நல்லதங்காளுக்கு ஒரு கோயில் இருக்கிறது. அவளோடு அவளுடைய ஏழு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் விழுந்து மாண்டதாக ஊர் சொல்லும் கிணறும் அங்கேதான்.

நல்லதங்காள் நாடகத்தைப் பார்த்து அழாத ஊர் தென்தமிழ்நாட்டில் குறைவு. மற்ற ஊர்களுக்கு அது கதை. எங்களுக்கு அது பக்கத்து ஊரில் விழுந்த சாவு. அந்த வேறுபாடு என்ன செய்கிறது என்பதைப் பல வருடமாக யோசித்து வருகிறேன்.

நான் அதை முதலில் பார்க்கவில்லை, படித்தேன். அம்மாச்சியின் தகரப் பெட்டியில், கல்யாணப் பட்டுக்கு அடியில், பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்று கிடந்தது. சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பாளர்கள் அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை வரிசையில் சாணித்தாளில் அச்சிட்டுச் சந்தைக்கும் திருவிழாவுக்கும் அனுப்பிய புத்தகங்களில் ஒன்று. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்காகப் பெரிய எழுத்து. எழுதியவர் புகழேந்திப் புலவர் என்று முகப்பில் போட்டிருக்கும். நளவெண்பா பாடிய புகழேந்திக்கும் இந்த நடைக்கும் வெகுதூரம். ஊர் வாயில் கிடந்த பாட்டுக்கு ஒரு பெரிய பேரைச் சூட்டி அச்சேற்றியிருக்கிறார்கள். இதே கதையைச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மேடைக்கு நாடகமாக எழுதினார். மலையாளத்தில் 1950-லும் தமிழில் 1955-லும் படமாக வந்தது. அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாட்டு முழுக்கத் தெரியும். பதினோரு வயதில் நான் படிக்க, அவள் கேட்பாள். நான் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தால் அங்கேயே திருத்துவாள்.

கதையைத் தெரிந்தவர்களுக்கும் ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பலருக்கு அதில் கிணறு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

அர்ச்சுனாபுரத்தில் நல்லதம்பி என்ற அரசன். அவன் தங்கை நல்லதங்காள். அவளை மானாமதுரை அரசன் காசிராஜனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், சீர் செனத்தியோடு. ஏழு பிள்ளைகள். பிறகு மானாமதுரையில் மழை பொய்த்தது. பன்னிரண்டு வருடப் பஞ்சம். நகை போயிற்று, பாத்திரம் போயிற்று, அடுப்பில் பூனை தூங்கியது. நல்லதங்காள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். வாழ்ந்து கெட்டுப் போகிற வீட்டில் மதிப்பிருக்காது என்று கணவன் தடுத்தும் கேட்கவில்லை. வழியில் காட்டில், வேட்டைக்கு வந்த அண்ணனையே பார்த்துவிட்டாள். அவன் அழுதான், அணைத்தான், ‘நீ வீட்டுக்குப் போ, நான் பின்னாலேயே வருகிறேன்’ என்று அனுப்பிவைத்தான். வீட்டில் அண்ணி மூளி அலங்காரி, வருகிறவர்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். நல்லதங்காளின் கற்பின் வலிமையால் கதவு திறந்தது. பசியில் பிள்ளைகள் கையில் கிடைத்ததை எடுத்தார்கள், அண்ணி பிடுங்கிக்கொண்டாள். கேட்டுக் கேட்டுக் கடைசியில் கொடுத்தது மக்கிய கேழ்வரகு, ஓட்டைப் பானை, ஈர விறகு. அதிலும் நல்லதங்காள் எப்படியோ கூழ் காய்ச்சினாள். கொதித்து இறக்கும் நேரத்தில் அண்ணி வந்து தட்டிவிட்டாள். தரையில் ஓடிய கூழைப் பிள்ளைகள் வழித்துக் குடித்தார்கள். நல்லதங்காள் எழுந்தாள். ஊரைத் தாண்டி, பாழுங்கிணறு எங்கே என்று மாடு மேய்ப்பவர்களைக் கேட்டாள். அப்புறம் நடந்ததுதான் எல்லாருக்கும் தெரியும்.

பதிப்புக்குப் பதிப்பு, குழுவுக்குக் குழு கொஞ்சம் மாறும். சில பாடங்களில் சிவனும் பார்வதியும் வந்து எழுப்புகிறார்கள். அண்ணன் மனைவியைக் கொன்று தானும் சாகிறான். சிலவற்றில் கல்யாணப் பந்தல் போட்டு அவள் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் தலையிலும் இறக்குகிறான். முடிவுகள் பலவிதம். ஆனால் அந்தக் கேழ்வரகு, அந்தப் பானை, அந்த விறகு ஆகிய மூன்றும் நான் பார்த்த எந்தப் பாடத்திலும் விடுபடவில்லை.

பதினோரு வயதில் இதைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது. ஒவ்வொரு பிள்ளையாகக் கிணற்றில் போடும்போது மூத்தவன் ஓடுகிறான். தன்னையாவது விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். அவனையும் பிடித்துத் தள்ளுகிறாள். நான் அந்த மூத்தவன் வயதில் இருந்தேன். அம்மாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘பாவம் மகராசி’ என்றாள். எனக்கு மகராசி மேல் இரக்கமே வரவில்லை. அன்றிரவு அம்மா பக்கத்தில் படுக்காமல் திண்ணையில் போய்ப் படுத்தேன். ஏனென்று யாரிடமும் சொல்லவில்லை. நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாயின் துயரத்தையே பேசுகிறார்கள். அதற்குள் வாழ ஆசைப்பட்ட ஒரு பிள்ளை இருந்தான் என்பதைச் சொல்வதில்லை. பிள்ளைகள் இந்தக் கதையை எப்படிக் கேட்கிறார்கள் என்று யாராவது அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

பின்னால், இருபதை ஒட்டிய வயதில், ஒரு பங்குனிப் பொங்கலில் அதை மேடையில் பார்த்தேன். இரவு பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் தொடங்கியது. பபூன் வந்து சிரிக்கவைத்துப் போனார். அதுவரை பாயில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்கள், ஸ்திரீபார்ட் ஏழு பிள்ளைகளோடு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளாக வந்தவர்கள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கிணறு என்பது நான்கு பலகையும் ஒரு கறுப்புச் சீலையும். கிணற்றுக் காட்சியில் பெருங்குரலாக அழுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அழுகை அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிட்டது. ஈர விறகை ஊதுகிற இடத்தில்.

நடிகை மேடையில் குந்தி உட்கார்ந்து, இல்லாத அடுப்பை ஊதினார். ஊதினார், கண்ணைக் கசக்கினார், முந்தானையால் முகத்தைத் துடைத்தார், மறுபடி ஊதினார். பாட்டு இல்லை, வசனம் இல்லை. என் பக்கத்தில் ஒரு அம்மா விசும்பத் தொடங்கினார். அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. புகையில் கண் எரிவதையும் அழுகையில் கண் எரிவதையும் வெளியே இருந்து பிரித்துப் பார்க்க முடியாது. புகுந்த வீட்டில் அழ இடமில்லாத பெண் அடுப்படியில் அழுவாள், கேட்டால் புகை என்பாள். அங்கே உட்கார்ந்திருந்த பெண்களில் அந்தப் பதிலைச் சொல்லாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அரசன் மகளும் அரசன் மனைவியுமான ஒருத்தி அந்த நிமிடத்தில் அவர்களில் ஒருத்தியாகிவிட்டாள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நான்கு இடம். அழுகை பிறக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியவராதல். இழவு என்பது உற்றாரையும் உடைமையையும் பறிகொடுத்தல். அசைவு என்பது முன்பிருந்த நிலையிலிருந்து சரிந்து வேறொரு நிலைக்கு வந்து வருந்துதல். வறுமை நமக்குத் தெரிந்ததுதான், கூடவே அனுபவிக்க ஆசை இருந்தும் கிட்டாமல் போன மனநிலை. உரையாசிரியர்கள் இவற்றைத் தனித்தனியே விளக்குகிறார்கள். நல்லதங்காள் கதையை அமைத்தவர்கள் மெய்ப்பாட்டியலைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு அடுப்படியில் நான்கையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். வறுமை மானாமதுரையிலிருந்து கூடவே வந்தது. சீரோடு போனவள் வெறுங்கையோடு திரும்பியது அசைவு. அண்ணி தூக்கிப்போட்ட மக்கிய கேழ்வரகு இளிவு. இழவு இன்னும் வரவில்லை, ஆனால் வரப்போகிறது என்று பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியும்.

இதில் இளிவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எதுவுமே கொடுக்காமல் விரட்டியிருந்தால் நல்லதங்காள் வேறு வீட்டுப் படியேறியிருப்பாள். மூளி அலங்காரி கொடுத்தாள். எரியாத விறகைக் கொடுத்தாள், நிற்காத பானையைக் கொடுத்தாள், வேகாத தானியத்தைக் கொடுத்தாள். கொடுத்தோம் என்ற பேரும் ஆயிற்று, வயிறும் நிறையவில்லை. அதிலும் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். கச்சேரி மேடையில் ஒலிக்கும் கடம் அந்த மண்ணில் செய்வது. அந்த ஊர் அரசிக்கு ஓட்டைப் பானை! கதைகட்டியவர் இதை நினைத்துத்தான் செய்தாரா தெரியாது, மானாமதுரைக்காரர்களுக்கு நிச்சயம் உறைத்திருக்கும்.

மேடையில் படுகிற பாடு பார்க்கிறவரை எப்படிச் சேர்கிறது? இதற்கும் நம்மிடம் பழைய விடை உண்டு. இளம்பூரணர் மெய்ப்பாட்டுக்கு உரை சொல்லும்போது செயிற்றியம் என்ற கூத்துநூலை எடுத்துக்காட்டுகிறார். நடத்துகிறவன் செய்தது காண்கிறவருக்கு எய்துவதுதான் மெய்ப்பாடு என்பது அதன் கருத்து. எய்துதல் என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. கடிதம் வந்து சேர்வதைப்போல. சேர்வதற்கு ஒரு முகவரி வேண்டும். ஈர விறகின் முகவரி அந்தப் பாயில் இருந்த ஒவ்வொரு பெண்ணிடமும் இருந்தது.

ஆனால் நேரில் நடந்த துயரத்தை மேடையில் ஏற்றும்போது எல்லா ஊரும் இப்படித் தாங்கிக்கொள்வதில்லை. கி.மு. 494-இல் மிலேட்டஸ் நகரம் பாரசீகப் படையிடம் விழுந்தது. ஏதென்ஸ்காரர்களுக்கு அது உறவு நகரம். சில வருடத்துக்குள் ஃப்ரினிக்கஸ் என்ற நாடகாசிரியர் அந்த வீழ்ச்சியை ஏதென்ஸில் நாடகமாக்கினார். அரங்கம் முழுவதும் அழுதது. அழுதுவிட்டு என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் சொந்தத் துன்பத்தை நினைவூட்டிய குற்றத்துக்காக ஆசிரியருக்கு ஆயிரம் திராக்மா அபராதம் போட்டு, அந்த நாடகத்தை இனி யாரும் நடத்தக்கூடாது என்று தடையும் விதித்தார்கள். ஹெரோடோடஸ் இதைப் பதிந்திருக்கிறார். அதன்பிறகு கிரேக்கத் துன்பியல் பெரும்பாலும் புராணக் கதைகளுக்குள்ளேயே போய்விட்டது. புராணம் என்றால் கொஞ்சம் தள்ளி நின்று அழலாம்.

எங்கள் பக்கத்தில் தலைகீழ். இங்கே ஊர்ப்பணம் வசூலித்து, வெற்றிலை பாக்கு வைத்து, அழவைப்பதற்கென்றே குழுவை அழைத்தார்கள். அதற்கு ஒரு காரணம், பஞ்சம் என்பது ஒருமுறை வந்துபோன செய்தியாக இங்கே இருந்ததில்லை. அடுத்த ஐப்பசி பொய்த்தால் அது மறுபடி வரும். மறக்க வழியில்லாத துயரத்தை மறக்கச் சொல்லி யாருக்கு அபராதம் போடுவது?

நல்லதங்காள் உண்மையில் இருந்தாளா? கல்வெட்டு இருக்கிறதா, செப்பேடு இருக்கிறதா என்று கேட்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அர்ச்சுனாபுரத்தில் கிணற்றைக் காட்டுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். ஊர் அதை நடந்ததாகவே வைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு உறுதியாகத் தெரிவது கதையின் நிலவியல். மானாமதுரைக்கும் வத்திராயிருப்புக்கும் நேர்கோட்டிலேயே சுமார் 90 கிலோமீட்டர். அங்கே வைகை, வருடத்தின் பெரும்பகுதி மணல். வானம் பார்த்த பூமி. இங்கே மேற்கு மலையின் அடிவாரம், அர்ச்சுனா நதி, ஓடைகள், கண்மாய்கள், நெல், தென்னை. பிளவக்கல் அணை வருவதற்கு வெகுமுன்பே மலைத் தண்ணீரில் விளைந்த மண். கீழ்நாட்டில் மழை தவறினால் மேற்கே மலையடிவாரத்துக்கு நடப்பதுதான் இந்தச் சீமையில் பசித்தவர்களின் வழி. நல்லதங்காள் நடந்தது அந்த வழி. பெயர் கற்பனையாக இருக்கலாம், பாதை கற்பனை இல்லை.

தாது வருடப் பஞ்சத்தை (1876–78) எங்கள் பக்கம் கிழவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். அவர்களும் அவர்கள் தாத்தாவிடம் கேட்டதுதான். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாக அன்றைய பஞ்சக் கமிஷனே கணக்கிட்டது. அந்த வருடங்களிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கூலி நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வாங்கிக்கொண்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் உடம்பு தாங்காது என்று எதிர்த்து எழுதினார். கூலியைப் பிறகு ஏற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கூலிக் கணக்கைப் படித்த அன்று எனக்கு மூளி அலங்காரியின் கை ஞாபகம் வந்தது. கொடுத்த கணக்கும் சரியாக இருக்கும், உயிரும் நிற்காது. அதே ஈர விறகு.

பஞ்சத்தில் தானியமே இல்லாமல் போய்விடுகிறது என்று நாம் நினைக்கிறோம். அமர்த்தியா சென் 1981-இல் வந்த தம் நூலில், 1943-இன் வங்கப் பஞ்சத்தையும் பிற பஞ்சங்களையும் ஆராய்ந்து காட்டியது வேறு. உணவு இருக்கும்போதே, அதைப் பெறும் உரிமையும் வழியும் இல்லாதவர்கள் சாகிறார்கள் என்றார். நாடகம் இதைத் தன் பாணியில் முன்பே சொல்லிவிட்டது. அர்ச்சுனாபுரத்துக் குதிர் நிறைந்திருக்கிறது. நல்லதங்காள் பிறந்தது அந்த வீட்டில். ஓடி விளையாடியது அந்த முற்றத்தில். ஆனால் அந்தக் குதிரில் ஒரு மரக்கால் எனக்குச் சேரும் என்று கேட்க அவளுக்கு வாயில்லை. சீர் என்று கொடுத்தது போனதும் கணக்கு முடிந்துவிட்டது. அதன்பிறகு அவளுக்கு அந்த வீட்டில் இருப்பது பாசம் ஒன்றுதான். பாசம் வேட்டைக்குப் போயிருந்தது.

தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்தது 1989-இல். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்கு அது பொருந்தவில்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இல் வந்தது. இந்த வருடங்களை நான் எழுதும்போது, அந்தப் பங்குனி இரவில் விசும்பிய அம்மாக்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் 1989-க்கு முன்பே வாக்கப்பட்டவர்கள். அவர்கள் அழுதது பழங்கதைக்கு என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் எனக்கு நாடகத்தோடு மனவருத்தம். அது இவ்வளவையும் காட்டிவிட்டு, பழியை ஒரே ஒருத்தி தலையில் போடுகிறது. மழை பொய்த்ததற்கு வானம் பதில் சொல்லவில்லை. காசிராஜன் அரசன், பன்னிரண்டு வருடம் அவன் களஞ்சியம் என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நல்லதம்பியும் அரசன். தங்கையும் ஏழு பிள்ளைகளும் எலும்பும் தோலுமாக எதிரே நிற்பதைப் பார்த்த பிறகும் வேட்டையை முடித்துவிட்டு வருகிறேன் என்றவன். அவளோடு அவன் வீடு வரைக்கும் நடந்திருந்தால் கதவு சாத்தியிருக்காது. இந்த ஒரு இடத்தைத்தான் வயது ஏற ஏற நான் அதிகம் படிக்கிறேன். அவன் கெட்டவன் இல்லை. அன்பு நிறைய இருந்தது. அது ஒரு நாள் தாமதமாக வந்தது. ஊர் அவனை மன்னித்துவிட்டது. ‘மூளி அலங்காரி’ மட்டும் வசைச்சொல்லாகி, ஈகை இல்லாத பெண்களை இன்றைக்கும் அடிக்கிறது. நல்லதம்பி என்று யாரையும் நாம் திட்டுவதில்லை.

அந்தக் கிணற்றைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு தாய் கிணற்றில் விழுந்த செய்தி நம் நாளிதழ்களில் நிற்கவில்லை. கடன், குடி, சண்டை என்று காரணம் ஒரு வரியில் வரும். செய்தியைப் படிக்கிறவர்கள் ‘நல்லதங்காள் மாதிரி’ என்று சொல்லிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். அந்த ஒப்புமை எனக்கு அச்சம் தருகிறது. மேடையில் கிணற்றுக்குப் போகிறவளுக்கு இசை உண்டு, விளக்கு உண்டு, கடைசியில் தெய்வப் பதவியும் உண்டு. கும்பிடுவது வேறு, வழிகாட்டியாகக் கொள்வது வேறு. இதை மேடை தெளிவாகப் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் கதைக்குள்ளேயே அதற்கு ஒரு சாட்சி நிற்கிறது. ஓடிய மூத்த பிள்ளை. அவன் ஓட்டத்தைக் கதைகட்டியவர் நீக்கியிருக்கலாம், ஏழு பேரும் தாய் சொல் கேட்டு வரிசையாக நின்றார்கள் என்று பாடியிருக்கலாம். நீக்கவில்லை. அவன் வாழ விரும்பினான் என்பதைப் பாட்டு மறைக்காமல் வைத்திருக்கிறது. அதற்காக அந்தப் பெயர் தெரியாத புலவரை நான் மதிக்கிறேன்.

இன்னொன்றுக்காகவும் மதிக்கிறேன். நல்லதங்காளின் கற்பு பூட்டிய கதவைத் திறக்கிறது, பச்சை விறகைப் பற்றவைக்கிறது. அதே கற்பு ஒரு படி அரிசியைக் கொண்டுவரவில்லை. அற்புதம் எதுவரை வரும், எங்கே நின்றுவிடும் என்று பசித்த ஊரில் பிறந்த பாட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அரிசி மனிதர்கள் கையிலிருந்துதான் வர வேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்த விருதுநகரில் பிறந்த காமராஜர் 1950-களின் பாதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டார். 1982-இல் அது சத்துணவாக விரிந்தது. 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. குறை சொல்ல நிறைய இருக்கும், எடை குறையும், அரிசி பழுக்கும். ஆனாலும் தட்டை நீட்டுகிற பிள்ளை யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை, அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பந்தியில் உட்காரும் உரிமை அவனுடையது. நல்லதங்காள் நாடகத்தைப் பார்த்து அழுத கிராமங்களில் பலவற்றில் இன்று பசியால் அழுகை இல்லை என்றால், அதற்கு இந்தச் சோற்றுக்கும் பங்குண்டு.

கல்லூரி முடித்த வருடம் அம்மாச்சியை அர்ச்சுனாபுரம் அழைத்துப் போனேன். கிருஷ்ணன்கோவிலில் இறங்கி வத்திராயிருப்புப் பேருந்து ஏறினோம். மடியில் ஒரு தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தென்னந்தோப்புகள் வந்தன. நான் சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

“அம்மாச்சி, அந்த மூளி அலங்காரி ஏன் அப்படிச் செஞ்சா?”

கொஞ்ச தூரம் பதில் இல்லை.

“அவளுக்கு என்னடா இருந்துச்சு அந்த வீட்டுல? வீடு அவளுதா? குதிரு அவளுதா? சாவி மட்டுந்தான் அவ கையில. அதையும் ஒருத்தி வந்து வாங்கிருவாளோன்னு பயம்.”

அம்மாச்சி நாலு நாத்தனார்களுக்கு அண்ணி. அதை அதுவரை நான் யோசித்ததே இல்லை.

“அதுக்காகப் பிள்ளைக வாயில இருந்து பிடுங்கலாமா?”

“பிடுங்கக் கூடாதுப்பா,” என்றாள். “எங்க நாத்தனா ஒருத்தி ஒருநா பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தா. அன்னைக்குச் சோறு இல்லன்னு சொல்லிட்டேன். பானையில இருந்துச்சு.”

அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனை வருடம் நான் படிக்கப் படிக்க அவள் யாருக்காக அழுதாள் என்று நான் தெரிந்துவைத்திருந்ததாக நினைத்தது தப்பு. ஈர விறகு வரும் இடத்தில் எப்போதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாளே, அது ஏனென்று அந்தப் பேருந்தில்தான் புரிந்தது.

கோயிலில் கூட்டமில்லை. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டு சில பிள்ளைகள் நின்றார்கள், பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மாச்சி கும்பிட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். புளியோதரை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, பையிலிருந்த வாழை இலையைக் கிழித்து ஒவ்வொருவர் முன்னாலும் போட்டாள். கையால் அள்ளி அள்ளி வைத்தாள். ஒருவன் போதும் என்று கையை மறித்தான். இன்னும் ஒரு பிடி வைத்தாள்.

அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கிணற்றைப் பார்க்க வந்தாள்.